நீல மூடி

தண்டர் பேயில் குடா உறையும்.
அதற்கு அப்பால் ஏரி முழுதாய் உறைவதில்லை,
கறுப்பாய்க் கிடக்கும், ஜனவரியிலும்.

என் வேலையும் உறைவதுதான்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று
இந்த ஷிப்டில் யாரிடமும் சொன்னதில்லை.

நீல மூடிக் குழாய்க்குள் கொஞ்சம் சிட்ரேட்.
சுண்ணாம்பை எல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ள
ரத்தம் திரவமாகவே நிற்கும்,
சாவி தொலைத்தவன் வாசலில் நிற்பதுபோல.
சாவியை நான் திருப்பித் தருவேன், கூடவே ஓர் உசுப்பல்.
எண்ணுவது இயந்திரம். என்றாலும் நானும்.

பன்னிரண்டு நொடி.
அதற்குள் ஒரு நொதி இன்னொன்றை வெட்டி எழுப்பும்,
அது அடுத்ததை,
கடைசியில் த்ராம்பின் வந்து
கரைந்து கிடக்கும் புரதத்தின் முனையை நறுக்க
நூல் நூலாய்ப் பின்னிக்கொள்ளும் வலை.
ஒளி மங்கும். தாள் ஓடும். அடுத்த குழாய்.

அன்று மூன்றே கால் மணி.
லாக்சோ, ஓர்வோ. எழுபத்தொன்று. உலோக வால்வு. வார்ஃபரின்.
பன்னிரண்டு போனது. முப்பது. ஐம்பது.
தொண்ணூறிலும் தெளிவாக இருந்தது குழாய்.

அந்த மாத்திரை எந்த நொதியையும் கொல்வதில்லை.
ஈரலில் அவை பிறக்கும்போதே
விரல் முளைக்க விடுவதில்லை, அவ்வளவுதான்.
சுண்ணாம்பு பக்கத்திலேயே இருக்கும். பற்றக் கை இருக்காது.
அளவோடு இருந்தால் காவல்.
பல்வலிக்கு வாங்கிய இன்னொரு மாத்திரை சேர்ந்தால்
இரண்டு நாளாய் நிற்காத ஈறு.

தொலைபேசியில் எண்ணைச் சொன்னேன்.
திருப்பிச் சொல்லுங்கள் என்றேன், விதி அது.
சொன்னாள் நர்ஸ் ஷானன்.
பிறகு, "நம்ம பனி வண்டிக்காரர்" என்றாள்.

அப்போதுதான் கேட்டது
வெளியே சத்தம் இல்லாதது.
நாலு வருஷமாய் இந்த நேரத்தில்
தார்மேல் இரும்பு உரசும்;
அதைத் திட்டிக்கொண்டே தேநீர் குடிப்பேன்.
முகம் பார்த்ததில்லை.

குளிர்ப்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தேன்:
ஊர் பேர் தெரியாதவர்களின் ரத்தத்திலிருந்து
விரல்களோடு பிரித்தெடுத்தவை, பொடியாக.
கூடினால் வால்வில் கட்டும். குறைந்தால் வீண்.
அது டாக்டரின் கணக்கு.

மறுபடி ஒரு நீல மூடி.
பதினாறு நொடி.
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டேன்.

காலை ஏழரை. சைபருக்குக் கீழே முப்பத்தொன்று.
கார்கள் எல்லாம் வெள்ளை மேடுகள். எது என்னுடையது?
காவலாளியிடம் மண்வெட்டி வாங்கி வெட்டினேன்.
குளிரில் வெடித்த கட்டைவிரல்
பிடியில் சிவப்பாய் ஒட்டியது.
பார்த்துக்கொண்டே நின்றேன்,
எண்ணாமல்,
அது தானாக நிற்கும்வரை.