இர்மா ஏன் திரும்பிப் போனாள்

குறைகளை நானே சொல்லிவிடுகிறேன்,
நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

இர்மா மாடி ஏறும்போது கால் படியில் படாது.
பேசி முடித்த பிறகும் வாய் அசையும்,
பல்செட்டைக் கழற்றியவர் வெற்றிலை மெல்வதுபோல.
மூன்றாம் அத்தியாயத்துப் பேய்
சமையலறைக் கதவில் சிக்கிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும்.
முதல் தடவை அலறினேன்.
நாலாம் தடவை, பாவமே என்று,
பின்னால் போய்த் தள்ளிவிட முடியுமா பார்த்தேன்.

அந்த வீட்டைச் சுற்றி எந்நேரமும் பனி.
தூரத்தை வரைய மெஷினுக்கு வலு இல்லையாம்,
அதனால் மூடிவிட்டார்களாம்.
ஹட்டனில் டிஸ்க் விற்ற றிஸ்வான் சொன்னார்.
அன்று பொகவந்தலாவை பஸ்ஸில் வரும்போது
நோர்வூட் தாண்டியதும் வெளியே ஒன்றுமில்லை.
கிட்டே போன பிறகுதான் வளைவு வந்தது.
எங்களையும் யாரோ
செலவைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு.
இர்மா தப்பித்துவிடுகிறாள்.
கேட் திறந்திருக்கிறது, ரோட்டில் லொறி நிற்கிறது,
டிரைவர் ஹோர்ன் அடிக்கிறான்.
அவளோ திரும்பி அதே வீட்டுக்குள் போகிறாள்.
காரணம் இல்லை. ஒரு வசனம்கூட இல்லை.
போட்டோகொப்பிக் கடையில் என்னோடு வேலை செய்யும் ஜெசிந்தா
அந்த இடத்தில் மவுஸைக் கீழே வைத்தாள்:
“மூளை உள்ள எவளாவது போவாளா?”
என்னிடம் பதில் இல்லை.
அன்று இரவும் விளையாடினேன்.

பிறகு நவம்பர்.
மேல்மலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.
ஒன்பதரைக்கு ஜீ.எஸ். ஆள் அனுப்பினார்,
லயத்தில் ஒருவரும் படுக்கக் கூடாது.
பாடசாலையில் ஆறாம் வகுப்பு அறை,
மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்து
பதினொரு குடும்பம். கரண்ட் இல்லை.
தகரத்தில் மழை கொஞ்சம் குரலைத் தாழ்த்தியபோது
நிலுக்ஷன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்:
“சுலோக்கா, அந்தப் பேய் வீட்டுக் கதையச் சொல்லுங்க.”

சொன்னேன். கால் படாத படிகளை விட்டுவிட்டேன்.
கதவில் சிக்கிய பேயை விடவில்லை,
அதற்குத்தான் சிரித்தார்கள்.
லொறி வந்தது. வாயாலேயே ஹோர்ன் அடித்தேன்.
இர்மா திரும்பிப் போனாள் என்றேன்.
“ஏன்?” என்றான்.

நான் முழிப்பதற்குள்
இருட்டிலிருந்து புஷ்பகாந்தியக்கா:
“கதவப் பூட்டினோமா இல்லையான்னு வந்திருக்கும்.”
அவர் மடியில் ரைஸ் குக்கர்,
பாதி வழியில் திரும்பி ஓடி எடுத்து வந்தது.
“பேங்க் புத்தகமா இருக்கும்,” என்றது ஒரு குரல்.
“எங்க வீட்டுக்காரரு பல்செட்டுக்குப் போனாரு,”
என்றாள் ஒருத்தி, அவர் இருமினார்.
அதன் பிறகு யாரும் இர்மாவைப் பற்றிப் பேசவில்லை,
பேசியது முழுக்க அவளைப் பற்றித்தான்.
எத்தனை பேர் திரும்பிப் போயிருந்தோம்.
போயிருந்தோம் என்றுதான் சொல்கிறேன்:
என் ஸ்வெட்டருக்குள், உரப்பையில் சுற்றி, லெப்டொப்.

முடிவும் குறைதான்.
எல்லாம் அவள் கண்ட கனவு என்று முடிப்பார்கள்,
விடியும், ஜன்னல் திறக்கும், குருவி கத்தும்.
முதல் தடவை பார்த்தபோது
டிஸ்கை ஆற்றில் எறியத் தோன்றியது.
அந்த அறையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.
வெளியே மலை இருந்தது. இருக்கிறதா என்று
யாரும் டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை.

“உள்ள போனவ என்ன ஆனா?”
“விளக்கை எடுத்தாள்.”
“பிறகு?”
“தங்கச்சியின் சப்பாத்து ஒன்று கிடந்தது, அதையும்.”
“லொறி?”

டிரைவரை யோசித்தேன். கேமில் அவனுக்கு முகம் செய்யவில்லை,
தொப்பிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.
“நின்றது,” என்றேன்.
“ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது.”