மூன்றாவது நிமிடம்

எட்மன்டன், மில் வூட்ஸ்.
மே மாதக் கடைசி, இன்னும் கையுறைக்குள் விறைக்கிற விரல்.
ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பாதி வாத்துகளுக்குச் சொந்தம்.
அவற்றைக் கலைத்துவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும்.

மூன்றாவது நிமிடத்தில்
ஒரு குழந்தைகூடக் காலால் நிறுத்தியிருக்கும் பந்து
என் இரண்டு கால்களுக்கும் நடுவே
கதவு திறந்த வீட்டுக்குள் பூனைபோலப் போனது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஹோதன் மட்டும் தன் காலுறையை
இரண்டு தரம் இழுத்துவிட்டாள்.

நான்தான் சொன்னேன், சாரி.
ஹோதனுக்குச் சாரி, மாரிவிக்குக்குச் சாரி,
வலையிலிருந்து எடுத்த பந்துக்கும் ஏறக்குறைய சாரி.
பதினொரு வருடமாக இந்த ஊரில்
பஸ்ஸில் என் காலை மிதித்தவனிடமும்
நானே முந்திக்கொண்டு சொல்கிற சாரி.

அதன்பிறகு ஆட்டம் நடந்தது, நான் அங்கே இல்லை.
உடம்பு கம்பங்களுக்கு நடுவே நிற்க
மனம் மூன்றாவது நிமிடத்திலேயே குந்தியிருந்து
அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பப் பிடித்தது.
இடது முழங்காலை மடித்து ஒருமுறை,
ஓடி வந்து ஒருமுறை,
விழுந்து நெஞ்சோடு அணைத்து ஒருமுறை.
அத்தனை தரமும் பிடித்தேன்.
ஸ்கோர் மாறவில்லை.

இதற்குள் இன்னொரு கணக்கும் ஓடியது:
எனக்கு முப்பத்தொன்பது.
இரவு வேலை முடிந்து நாலரை மணிநேரத் தூக்கம்.
எதிர்ப்பக்கக் கோலிக்கு இருபதுகூட இராது.
ஓரத்தில் மடக்கு நாற்காலியில் கணவர்,
இன்றைக்கென்று பார்த்து வீடியோ எடுக்கிறார்.

முப்பத்தோராவது நிமிடம்
நீலச்சட்டை ஒருத்தி தூரத்திலிருந்து தூக்கி அடித்தாள்.
பந்து வந்துசேர நேரமிருந்தது, நிறையவே.
அந்த நேரம்தான் கெடுத்தது.
முன்னே ஓரடி, பின்னே ஓரடி.
மாரிவிக் எடுப்பாளா, நான் எடுப்பதா
என்ற கேள்வியை வாயில் அடக்கிக்கொண்டு நின்றேன்.
அவளும் நின்றாள்.
கலியாண வீட்டுப் பந்தியில் போல
நீங்கள் முதலில், இல்லை நீங்கள் என்று
இருவரும் மரியாதையாக விலகிப்
பந்துக்கு வழி கொடுத்தோம்.

இடைவேளையில் தோடம்பழத் துண்டைச் சப்பியபடி
மாரிவிக் கேட்டாள்: "நீ ஏன் கத்துவதில்லை?"
கத்துகிறேனே.
"எங்களுக்குக் கேட்பதில்லை."

யோசித்தேன்.
'கீப்பர்' என்று கத்த வேண்டும்.
வாயைத் திறந்ததும் உள்ளே ஒருத்தி எழும்பி
உச்சரிப்பைச் சரிபார்க்கிறாள்.
'ப'வை அழுத்தவா, கடைசி 'ர்' வேண்டுமா, எவ்வளவு வேண்டும்.
பந்து தலைக்கு மேலால் போய்விடுகிறது.

இரண்டாம் பாதி. காற்று எங்கள் முகத்தில்.
கையுறையின் பட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினேன்.
மனம் மறுபடி மூன்றாவது நிமிடத்துக்குக் கிளம்பியது,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவளின் அவசரத்தோடு.
நான் கூடப் போகவில்லை.
புல்லைப் பார்த்தேன்.
ஒரு மஞ்சள் டான்டிலைன், வாத்து எச்சம்,
பாதி அழிந்த வெள்ளைக்கோடு.
எல்லாம் ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் இருந்தன.

கார்னர்.
பெட்டிக்குள் பன்னிரண்டு பெண்கள், இருபத்துநான்கு முழங்கை.
பந்து வளைந்து வந்தது.
எந்த மொழி என்று யோசிக்க மறந்து கத்தினேன்:

"விடு!"

மாரிவிக்குக்குத் தமிழ் தெரியாது.
ஹோதனுக்கும் தெரியாது.
இருவரும் குனிந்தார்கள்.
பந்து சத்தத்தோடு வந்து என் கைகளுக்குள் அடங்கியது.
ஓரத்தில் கணவர் சிரித்தது கேட்டது.
மூத்தவன் தம்பியின் ஐபேடைப் பறிக்கும்போது
வீட்டில் நான் போடுகிற அதே சத்தம்.

எழுபத்தாறில் இன்னொன்றும் உள்ளே போனது.
நல்ல அடி, மேல் மூலைக்கு.
வாய் 'சா' வரைக்கும் போய் நின்றது.
பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு எறிந்தேன்.

மூன்றுக்கு ஒன்று, தோல்வி.
கைகொடுக்கும் வரிசையில் அந்தப் பக்கத்துக் கோலி கேட்டாள்,
என்ன சொல்லிக் கத்தினாய்?
விடு.
அப்படியென்றால்?
பந்தை என்னிடம் விட்டுவிடு.
அவ்வளவுதானா என்றாள்.
அவ்வளவுதான் என்றேன்.

காரில் ஏறும்போது பார்த்தேன்.
வாத்துகள் திரும்பி வந்து
மூன்றாவது நிமிடம் நடந்த இடத்தில்
மேய்ந்துகொண்டிருந்தன.