நாலு அங்குலம்

விசுவமடுவில்
உரக்கடைக்கும் ஜெறோமின் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில்
நான் வீடு கீறுகிறேன்.
இன்னும் கட்டாத வீடு.
சூரிச்சில் இருந்து மகன் பார்த்துவிட்டு
"போட்டிக்கோ கொஞ்சம் அகலமாய்" என்று
வொயிஸ் அனுப்புகிற வீடு.

ஏழு வருசமாய் என் கணினிக்கென்று
ஒரு கிராபிக்ஸ் காட் இருக்கவில்லை.
மதர்போர்ட்டோடு ஒட்டிப் பிறந்த ஒன்றுதான்
படம் காட்டியது,
வேறு வேலைக்கு வைத்த நினைவகத்தில்
கைமாற்று வாங்கி.
கூரையைத் திருப்பினால்
சுவர் பின்னால் வரும்,
நெல் ஏற்றிய லான்ட்மாஸ்ரர் போல.
மரம் வைத்தால் நின்றுவிடும்.
நிழல் போட்டால் திரை உறைந்துவிடும்.
ஆகவே மரமும் இல்லை, நிழலும் இல்லை.
ஒருவரும் கேட்டதில்லை.

மார்கழியில் சீட்டு எடுத்தேன்.
கழிவு போக அறுபத்தெட்டாயிரம்.
வெள்ளவத்தையில் ஒருவன் பாவித்த காட் விற்றான்.
"கொயின் தோண்டினதோ?"
"சத்தியமாய் கேம் மட்டும்தான் அக்கா."
இரவு பஸ்ஸில் வந்தது,
பழைய சாரத்தால் சுற்றி,
ஒரு செங்கல் நிறை.

பெட்டிக்குள் கொள்ளவில்லை.
ஹாட்டிஸ்க் தட்டில் முட்டியது.
ஜெறோம் ஹக்ஸோ பிளேட்டோடு வந்தான்,
"கரண்ட் கழட்டியாச்சோ?" என்று
இரண்டு தரம் கேட்டான்,
அரிந்தான்.
பிறகு பார்த்தால் ஆறு பின் வயர் இல்லை.
கிளிநொச்சிக்குப் போனேன், மழைக்குள்,
பவர் சப்ளையைப் பொலித்தீனில் கட்டி
ஸ்கூட்டியின் காலடியில் வைத்துத் திரும்பினேன்.
காலிரண்டும் வெளியே நனைந்தன.

நாலு மணிக்கு விசிறி சுற்றியது.
ஒருமுறை செருமி,
பிறகு சீராக.

வெளியே மழை.
திரையில் சூரியனை மேற்கே இறக்கி,
புஸ்பமலர் அக்காவின் வீட்டைத் திறந்து,
மூன்று அறை, சாமியறை, வளைந்த விறாந்தை,
நிழல் என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

வீடு மிதந்தது.

நிழல் கீழே கிடந்தது.
அதற்கும் அத்திவாரத்துக்கும் இடையில்
கத்திவாய் அகலத்தில் வெளிச்சம்.
அளந்தேன்.
நாலு அங்குலம்.

என்றைக்கோ முதல் வீட்டுக்கு இட்ட நிலம்,
எண் ஒன்று பிசகிக் கீழே போன நிலம்.
அதையே எல்லா வீட்டுக்கும் நகலெடுத்திருக்கிறேன்.
பழைய கோப்புகளைத் திறந்தேன்.
உடையார்கட்டு மிதந்தது.
தருமபுரம் இரண்டும் மிதந்தன.
வள்ளிபுனத்து ரீச்சரின் மாடிவீடு
கார் சகிதம் மிதந்தது.
பதினொரு குடும்பம்
இந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான்
லோனுக்குக் கையெழுத்து வைத்தது.
ரீச்சர் தன்னுடையதைச் சட்டம் போட்டு
பழைய தகரக் கொட்டிலில் மாட்டியிருந்தா,
வீடு எழும்பும் வரைக்கும்.

மேசன் நவரட்ணத்துக்கு எடுத்தேன்.
"அண்ணை, நான் கீறின ஒரு வீடும்
நிலத்தில படேல்ல."
கொங்கிறீட் மெசின் இரைந்தது.
"என்ன?"
"படத்தில. வீடெல்லாம் மேலே நிக்குது."
"எந்தப் படம்?" என்றார்.
"நான் அளவுத்தாளைத்தானே பாக்கிறனான்."
வைத்துவிட்டார்.

சுவரைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.
நாலு என்று தட்டினால் போதும்.
நிழல் வந்து அத்திவாரத்தின் காலைத் தொட்டது.
கொஞ்ச நேரம்
வேறொன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புஸ்பமலர் அக்கா வந்தா.
குடையை வாசலில் சாய்த்துவிட்டு
திரையைக் கிட்டப் பார்த்தா.
மிதந்ததும் தெரியாது, இறங்கினதும் தெரியாது.
"பின்னேர வெயில் முழுக்க இந்த அறைக்குள்ளதானே?
அப்ப அந்தப் பாலைமரம் எங்க?
வளவுக்குள்ள நிக்குதெண்டு சொன்னனான் எல்லே."

சொன்னவதான். போன வருசமே.

மரத்தை நட்டேன்.
விசிறி குரலை உயர்த்தியது.
இலைகள் ஒவ்வொன்றாய் அடைந்தன,
அறைச் சுவர் மெல்லக் கறுத்தது,
யன்னலடியில் புள்ளி புள்ளியாய் வெயில்.

அக்கா கைப்பையைத் திறந்தா.
"நிழலுக்கும் தனிக்காசோ, பிள்ளை?"

காட் அறுபத்தெட்டு.
பவர் சப்ளை பதினாலு.
ஜெறோமுக்கு ஒரு சோடா.

"இல்லையக்கா" என்றேன்.
"மரத்துக்கு மட்டும்."