செயப்படுபொருள்

பதினொரு வருடம் க்ராடக் துரைக்கு நான் காது.
சனத்துக்கு அவருடைய வாய்.
சம்பளப் பதிவில்: கோட்டு முதலியார், சின்னக்குட்டியர்.

புத்தளத்தில் உப்புக் கணக்கு,
மன்னாரில் முத்துக்குளிப்புக் காவல்,
முல்லைத்தீவில் மூன்று காய்ச்சல்,
பிறகுதான் அவருக்குத் திருகோணமலை.
முந்திய துரையின் வியர்வை காயாத நாற்காலி.

விடிய முன் கோட்டைக்குள் குதிரையில் போவார்.
புள்ளிமானுக்குக் கல்லெறிந்தவனுக்கு ஐந்து ரூபாய் தண்டம்.
வெள்ளிக்கிழமைகளில்
மலைமுனையில் பூசை மணி கேட்டால்
தொப்பியைக் கழற்றுவார்.
வெக்கைக்கோ மரியாதைக்கோ, தெரியாது.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும்
கண்ணாடிக் குழாய் விட்டு அளந்து
ஏழும் ஏழு சூடு என்று சீமைக்கு எழுதினார்.
பதில் வரவில்லை.

கைலஞ்சம் அறியாத மனுசன்.
தம்பலகாமத்து உடையார் அனுப்பிய எருமைத் தயிரைத்
திருப்பி அனுப்பினார்,
வழியில் உடைந்த சட்டிக்குக் காசும் வைத்து.

நாலு வயது மகளை மண்ணுக்குக் கொடுத்த மறுநாள்
ஏழு காணி வழக்குக் கேட்டார்.
அன்றைய தீர்ப்புகளில் ஒரு எழுத்துப் பிழை இல்லை.
நான் தேடிப் பார்த்தேன்.

சந்தியாகுவின் வழக்கு வந்தது ஒரு சோளகக் காலம்.
கரைவலைப் பாட்டில் பிணக்கு.
பிலேந்திரனின் தோளில் கத்தி இறங்கியிருந்தது.
இருட்டு. கண்டவர் இல்லை.
சாட்சிக் கூட்டில் ஏறிய மரியாசி சொன்னாள்:
"முதல்நாள் பின்னேரம் சந்தியாகு சத்தம் போட்டவன் ஐயா,
வெட்டுவன் எண்டு."

எங்கள் பேச்சுக்கு அது போதும்.
கயிற்றையோ, வலையையோ, ஆளையோ,
மிச்சத்தைக் கேட்கிறவன் போட்டுக்கொள்வான்.
துரையின் பாஷையில் அந்த வினை
தனியே நிற்காது, நொண்டும்.
பேனை காத்திருந்தது.
மைத்துளி ஒன்று விழப் பார்த்தது.
நான் ஒரு சொல்லை முண்டு கொடுத்தேன்:
அவனை.

அவர்கள் எழுத்தில் மூன்றே மூன்று எழுத்து.
இரண்டு வருடக் கடூழியம்.

சந்தியாகு திரும்பி வந்தபோது
அவன் பாட்டில் வேறு ஆட்கள் வலை இழுத்தார்கள்.
மீன்கடையில் என்னைக் கண்டால் விலகி வழி விடுவான்,
பெரிய மனுசருக்கு விடுகிற மாதிரி.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

துரைக்கு ஓய்வு வந்தது.
உள்துறைமுகத்தில் கப்பல்,
துறையில் பெட்டிகள், மாலைகள், கச்சேரி ஆட்கள்.
என் கையைப் பிடித்தார், குளிர்ந்த கை.
பரீட்சைக்குப் படித்துத் தேறிய தமிழை
கோட்டில் ஒருநாளும் வெளியே எடுக்காதவர்
தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கேட்டிருக்கலாம்."

யார், யாரை, எதை?
ஒன்றும் வைக்கவில்லை.
சுத்தமான தமிழ். எங்கள் தமிழ்.

பக்கத்தில் நின்ற புதிய துரை
என்ன சொல்கிறார் என்று என்னிடம் திரும்பினார்.
அலை இரைச்சல், விளங்கவில்லை என்றேன்.

தோணி கப்பலுக்குப் பாதி தூரம் போன பிறகுதான் கண்டேன்,
அவருடைய குடை என் கக்கத்தில்.