ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதும் வேலை எனக்கு.
தை பிறந்தால் கூப்பிடுவார்கள்,
பங்குனி முடிந்தால் மறந்துவிடுவார்கள்.
ஒரு கைப்பிடி நெல்லை மீட்டரில் போட்டு
பதினேழுக்கு மேல் காட்டினால்
காயவைத்துக் கொண்டுவாங்க என்பேன்.
வந்தவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
வானத்தைப் பார்ப்பார்.

கடைமடை எங்கள் ஊர்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து,
மேலே உள்ளவர்கள் நாற்று விட்டு முடித்த பிறகு
ஆகாயத்தாமரையை முன்னே தள்ளிக்கொண்டு வந்து சேரும்.
சாமியாரும் அப்படித்தான்.
மாதத்தில் இரண்டாம் சனி, நான்காம் சனி,
மற்ற ஊர்களுக்கெல்லாம் வைத்தது போக,
இருட்டிய பிறகு, புல்லட்டில்.

கோதுமை விளையாத ஊர்.
திராட்சையைத் திருத்துறைப்பூண்டிக்குப் போனால்தான் பார்க்கலாம்.
இத்தனை நெல் கிடக்கையில்
ஆண்டவர் ஏன் வேறு தானியத்தில் வருகிறார் என்று
புதுநன்மை வகுப்பில் கேட்டு உதை வாங்கினேன்.
இப்போது ஒன்று தோன்றுகிறது, சரியோ தவறோ:
நாங்கள் விதைக்காதது, நாங்கள் அறுக்காதது,
மூட்டைக்கு இவ்வளவு என்று
நான் பட்டியல் போட முடியாதது
ஒன்றாவது இருக்கட்டும் என்றுதான்.

ரோஸ்லின் போய் இது மூன்றாம் அறுவடை.
செபமாலையில் முன்பாதி அவள், பின்பாதி நான்.
இருபத்தாறு வருடம்.
இப்போது இரண்டு பாதியும் நானே சொல்கிறேன்.
முன்பாதி இன்னும் வாய்க்குப் பழகவில்லை.
நான்காம் காரணிக்கத்தில் மூட்டைக் கணக்கு வந்துவிடும்,
கமிஷன் கேட்பவன் வந்துவிடுவான்,
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் பச்சைச் சுவர் வந்துவிடும்.
என் செபத்தை மீட்டரில் போட்டால்
எண்ணே காட்டாது, அவ்வளவு காய்ந்தது.
போகட்டும்.
காய்ந்ததை எங்கள் நிலையத்தில் திருப்பி அனுப்புவதில்லை.

சுமைதூக்கும் வீரசேகரன் ஒருநாள் கேட்டான்:
'அண்ணே, விடாம போறீங்களே, என்ன நன்மை கண்டீங்க?'
காணவில்லையப்பா,
வாங்குகிறேன், அவ்வளவுதான் என்றேன்.
அவன் சிரித்தான். எங்கள் பேச்சு அவனுக்குத் தெரியாது.

மாசியில் மழை.
அந்த மாதத்தில் பெய்யக்கூடாத மழை.
தார்ப்பாயின் நான்கு மூலையையும் பிடித்து விடிய விடிய நின்றோம்.
மறுநாள் நான்காம் சனி. மதகுப் பாலத்தின் மேல் தண்ணீர்.
வர முடியாது என்று சாமியார் போன் செய்தார்.
உபதேசியார் தனிஸ்லாஸ் ஆனாலும் மெழுகுவத்தி ஏற்றினார்.
பதினோரு பேர். வெறும் பீடம்.
யாரும் எழுந்து போகவில்லை.
எதுவும் நடக்கவுமில்லை.
ஓட்டில் சொட்டிய தண்ணீரை
ஞானம்மாள் ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டிருந்தாள்.
அன்று என் பசி எனக்குத் தெரிந்தது.
மூன்று வருடமாக அது இருந்த இடம் தெரியாமல்
வரிசையில் நின்றிருக்கிறேன்.

அடுத்த முறை அவர் வந்தார்.
அறுவடை இயந்திரத்தோடு வந்த சேலத்துப் பையன்கள் நாலு பேர்
கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள்.
எண்ணி எடுத்து வந்த அப்பம் போதவில்லை.
கடைசியில் நின்றவர்களுக்குப் பிட்டுக் கொடுத்தார்.
எனக்கு ஒரு குருணை அளவு.
நாற்பது கிலோ நாற்பது கிலோவாக எடை பார்த்துப் பழகிய கை,
அதன் எடையை உணரப் பார்த்து முடியாமல் நடுங்கியது.
கிறிஸ்துவின் திருவுடல்.
ஆமென் என்றேன்.
சொல்லிவிட்டு, அது முன்பாதியா பின்பாதியா என்று
ஒரு கணம் குழம்பினேன்.

திங்கட்கிழமை, வரிசையில் முதல் ஆள்
கணவன் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண்.
பதினெட்டு காட்டியது.
வானத்தைப் பார்த்தாள்.
நான் நாற்காலியை விட்டு இறங்கினேன்,
செருப்பைக் கழற்றி வைத்தேன்,
அவள் நெல்லுக்குள் கால் விட்டுக் கோடு கோடாகக் கிளறினேன்.
'பதினோரு மணிக்கு வெயில் ஏறும்மா,
இருந்து பார்ப்போம்.'