நாற்பத்திரண்டாவது மூச்சு

டிசம்பர் பதினொன்று. கோத்தன்பர்க்கில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
வானொலி நிலையத்துச் சமையலறையில்
ஐந்து பேர், ஒரு ஸ்பீக்கர்,
விறைத்துப்போன குங்குமப்பூ ரொட்டிகள்.
பட்டியலில் முப்பத்தாறு பாடல்கள்.
ஆறு மணிக்குள் பத்தாக வேண்டும்,
பத்தில் ஒன்று முதலாக வேண்டும்.

ஹென்னிங் டிராம் ஓட்டுகிறவர்.
"எந்தப் பாட்டிலும் பாலமே இல்லை" என்றார்.
"மொத்தமே இரண்டு நிமிடம் நாலு நொடி.
இந்தக் கரையில் பல்லவி,
அந்தக் கரையிலும் அதே பல்லவி.
நடுவில் ஆறு எங்கே?
நான் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள்
ஒருத்தி காதலித்து, பிரிந்து,
மறந்தும் விடுகிறாள்."

மர்யான் பள்ளியில் இசை சொல்லித்தருகிறாள்.
"எட்டாவது நொடியில் பிடிக்காவிட்டால்
கட்டைவிரல் தள்ளிவிடும்.
முன்னுரை கேட்க என் பிள்ளைகளுக்கு
யார் நேரம் கொடுத்தார்கள்?"

பிறகு டிரம் சண்டை.
ஒரே கைத்தட்டல் ஏழு பாடல்களில் இருப்பதை
உல்ஃப் கண்டுபிடித்து வந்திருந்தான்.
"எவனோ எங்கோ ஓர் அறையில்
ஒரே ஒரு தடவை கைதட்டியிருக்கிறான்.
அதை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஆடியிருக்கிறோம்.
பரிசை அவனுக்கே கொடுத்துவிடுவோம்."

கேசட் இரைச்சலைக் காசு கொடுத்து வாங்கிச்
சுத்தமான குரல்மேல் தூவுவது பற்றி.
எல்லோரும் காதோடு உதடு வைத்து
முணுமுணுப்பது பற்றி.
சுருதி திருத்தும் மென்பொருள் பற்றி.
"கோணலே இல்லாத குரல்
இஸ்திரி போட்ட தண்ணீர்" என்றார் ஹென்னிங்,
என்ன சொல்கிறோம் என்று அவருக்கே புரியாமல்.
"அந்தக் காலத்தில்" என்று அடுத்து ஆரம்பித்தவரை
மூன்று பேர் ஒரே குரலில் நிறுத்தினோம்.

ஐந்தரைக்கு டூவா அந்தப் பாட்டைப் போட்டாள்.
பாடியவள் தீரா வால்கிரேன்.
இரண்டாம் பல்லவிக்குச் சற்று முன்
எல்லா வாத்தியமும் நிற்கிறது.
ஒரு மூச்சு.
அப்புறம் இடி.

"மூச்சையெல்லாம் வெட்டி எறிகிற காலத்தில்
ஒன்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள்.
என்ன துணிச்சல்!
இது தயாரிப்பு இல்லை, தத்துவம்."
உல்ஃப் மறுபடி போடச் சொன்னான்.
மறுபடியும்.
ஹென்னிங்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்:
"பாலம் என்றால் இது."

நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டில் நாற்பத்திரண்டு மூச்சுகள் இருந்தன.
எனக்குத் தெரியும். நறுக்கியவள் நான்.
மணிக்கணக்கில் கூலி,
எங்கும் பெயர் வராத வேலை.
நாற்பத்தொன்று முடிந்தபோது அதிகாலை இரண்டரை.
பூனை கம்பளத்தில் வாந்தியெடுத்தது.
துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்,
எல்லாம் முடிந்தது என்று நினைத்து
அனுப்பிவிட்டேன்.

அந்த மூச்சுக்கு முன்னால் ஒரு வாக்கியமும் இருந்தது:
"லிஃப்ட் ஓடவில்லை, ஐந்து மாடி!"
அவள் சிரிப்போடு சேர்த்து
அதை மட்டும் ஒழுங்காக வெட்டியிருந்தேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன்.

சமையலறை ஒரு கணம் குளிர்சாதனப்பெட்டியைக் கேட்டது.
பிறகு முன்பைவிடப் பெரிய சண்டை.
தவறு என்று தெரிந்த பிறகு
அது அழகா, இல்லையா?
"பூனைக்கும் பெயர் போட வேண்டும்" என்றான் உல்ஃப்.
டூவா என்னை முறைத்தாள்,
அவள் வீட்டுத் தெய்வத்தின் எடையை
நான் தராசில் போட்டுச் சொன்னதுபோல்.
மர்யான் மட்டும் விதிமுறைத் தாளைத் தேடினாள்:
பாட்டில் வேலை செய்தவர்
வாக்கெடுப்பின்போது வெளியே நிற்க வேண்டும்.

நின்றேன்.
நடைபாதையில் ஈரக் கோட்டுகளின் வாசனை.
ஆறாக ஆறு நிமிடம்.
உள்ளே ஐந்தாவது முறையாகப் போட்டார்கள்.
கதவு வழியே பேஸ் மட்டும் வந்தது,
வயிற்றில் யாரோ முட்டியால் தட்டுவதுபோல்.

அது நின்றது.
தெருவில் ஒரு டிராம்
வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது.
நானும் எதையோ உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இடி.