கூடம் கோணல்

கராஜுக்குள் நின்றுகொண்டு
கதவை இறக்கச் சொன்னாள் ஒரிசியா.
இருட்டில்தான் தெரியும்:
வெளிச்சம் நுழைகிற இடத்தில்
ஜனவரியும் நுழையும்.

மூன்று பக்கமும் சுத்தம்.
கீழே, இடது மூலையில் மட்டும்
சுண்டுவிரல் கனத்துக்கு
சஸ்கட்டூனின் மாலை வெயில்.

நாற்பத்திரண்டு டாலர் ரப்பர் பட்டை,
அளந்து வெட்டி, நேற்றுத்தான் அடித்தது.
"தரை கோணல்" என்றாள்.
வெளியே போக்டான் சிரிப்பது கேட்டது.
ஆடத் தெரியாதவள் பேச்சுதானே இது.

ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள்.
குமிழி மெதுவாக நகர்ந்து
அவள் பக்கம் சாட்சி சொன்னது.

போன குளிரில் மண் உறைந்து உப்பி
வலப்புறக் கான்கிரீட்டைத் தூக்கியிருக்கிறது.
இந்தக் குளிரிலும் தூக்கும்,
எந்தப் பக்கமென்று
யாரைக் கேட்பது?

மூலைக்கு இன்னொரு பட்டை அடித்தாள்.
மிஞ்சிய துண்டில்
மார்க்கரால் 'ஏப்ரல்' என்றெழுதி
சுத்தியல் பக்கத்தில் மாட்டினாள்.